தொடர்ந்து தோற்கும்போது ஊக்கம் எங்கிருந்து வரும்?

மூன்று முறை தேர்வில் தோற்றுவிட்டேன், புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கை வேலையில் இறங்கினால் மனம் பின்னாலேயே வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலும் இந்த வழி உண்டு. இன்று ஒரே ஒரு கணக்கு போடுங்கள், போதும்.

அப்புறம், வலியை எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை வாட்டிய ஒரு சம்பவத்தில் நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு முதலில் மனம் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். வேலை போன சமயம் நானும் எழுதினேன். முதல் பக்கம் முழுக்கக் கோபம்தான். மூன்றாம் நாள்தான் "அடுத்து என்ன?" என்ற வரி வந்தது.