இரண்டு பாட்டுக்காக ஆறு பாட்டை வாங்க வேண்டுமா?

வணக்கம் அண்ணா,

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நாளும் யாராவது அனுப்பும் பாட்டைத்தான் கேட்டு வந்தேன். இப்போது கையில் சம்பளம் வருகிறது, இனிக் காசு கொடுத்தே வாங்குவோம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு படத்தில் ஆறு பாட்டு இருந்தால் எனக்குப் பிடிப்பது இரண்டுதான். அந்த இரண்டை மட்டும் வாங்குவது உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம், அல்பத்தை முழுதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறான் கூட்டாளி. மாதக் கட்டணம் கட்டினால் எல்லாவற்றையும் கேட்கலாமே என்கிறாள் தங்கச்சி. எது சரி? வாங்குவதென்றால் எப்படி வாங்குவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

தாராளமாக இரண்டை மட்டும் வாங்குங்கள். சினிமாப் பாட்டு ஒவ்வொன்றும் கதையில் ஒவ்வோர் இடத்துக்காகப் பிறப்பது. பாடுபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆள். அவற்றை ஒரே உறைக்குள் போட்டது நீண்ட இசைத்தட்டும் கசெட்டும்தான். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்று, மூன்றரை நிமிடம்தான் அடங்கும். அன்று பாட்டு பெரும்பாலும் ஒன்றிரண்டாகத்தான் விற்றது. நீண்ட இசைத்தட்டு வந்து ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்த பிறகுதான் அல்பம் என்ற கட்டு உறுதியானது.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. டவுன் ரெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்து வெற்றுக் கசெட்டில் பாட்டு அடித்த காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 60 நிமிடக் கசெட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டென்றால் ஆறு. இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் ஆறையும் எழுதிக் கொடுத்தால் ஆறாவது பாட்டு கடைசிச் சரணத்தில் அறுந்துவிடும். பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கம் அன்றே இருந்தது. ஆனால் அந்தக் காசில் பாடியவருக்கு ஒரு சதம்கூடப் போகவில்லை. 2003 ஏப்ரல் 28இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை ஒரு பாட்டை 99 அமெரிக்கச் சதத்துக்கு விற்கத் தொடங்கியதும், பொறுக்கி வாங்கும்போதே உரியவருக்கும் பங்கு போகும் வழி பெரிதாகத் திறந்தது. அன்று அங்கே முழு அல்பம் பெரும்பாலும் 9.99 டொலர். ஆகவே கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஆறில் இரண்டு என்றால் தனித்தனியாக வாங்குவது இலாபம். நான்கு, ஐந்து பிடித்திருந்தால் அல்பத்தின் விலையையும் பாருங்கள், சில வேளை அதுவே மலிவாக இருக்கும்.

உங்கள் கூட்டாளி சொல்வது சரியாகும் இடமும் உண்டு. கர்நாடகக் கச்சேரிப் பதிவில் ஆலாபனை (ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது) ஒரு டிராக், கீர்த்தனை ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது) இன்னொன்று என்று வெட்டியிருப்பார்கள். கீர்த்தனையை மட்டும் வாங்கினால் ராகம் எழுந்து வந்த வழி உங்களுக்குக் கிடைக்காது. நம் மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தும் அப்படித்தான். ரதி மன்மதன் கல்யாணப் பாட்டை மட்டும் கேட்டவருக்கு, மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற புலம்பல் எங்கிருந்து வருகிறதென்று எப்படி விளங்கும்? அப்படியொரு பதிவு விலைக்கு வந்தால் முழுதாகவே வாங்குங்கள். வாங்கும் முன் டிராக் பட்டியலில் நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை நிமிடத் துண்டுகள் அடுத்தடுத்து வந்தால் அது ஒன்றோடொன்று கோத்த படைப்பாக இருக்கலாம்.

தங்கச்சி சொல்லும் மாதக் கட்டணம் ஒரு வாடகை. நிறையக் கேட்டுப் பார்க்க நல்லது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்படியொரு சேவையான ஸ்பொட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டும் 30 நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தைத் தொடாவிட்டால் ஓடாது. கட்டணம் நின்றால் இறக்கியதும் போய்விடும். சிக்னல் ஏறி இறங்கும் மலைப் பாதையில் போகிறவருக்குக் கோப்பு கையிலேயே இருப்பதுதான் நிம்மதி.

இனி வாங்கும் முறை. முதலில் உங்கள் டெபிட் காட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். பலருக்குப் பணம் போகாமல் நிற்பது இதனால்தான். பாட்டுகளைக் கூடையில் சேர்த்து ஒரே தடவையில் காசு கட்டுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் நிலையான சிறு கட்டணம் பிடிபடுவதுண்டு. ஒரு டொலர் பாட்டில் அது பெரிய துண்டு. சுயாதீனக் கலைஞர் என்றால் பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் இருக்கிறாரா என்று தேடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 வீதம், கொடுப்பனவுக் கட்டணம் போக மிச்சம் பாடியவருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ போகும்.

பழைய பாட்டில் ஒரு பொறி உண்டு. அதே தலைப்பில் வேறொருவர் பாடியதும், கரோக்கியும், மறுபதிவும் விற்பனைக்குக் கிடக்கும். பாடகர் பெயர், நீளம் இரண்டையும் ஒப்பிட்டு, மாதிரியைக் கேட்ட பிறகே காசு கட்டுங்கள்.

கோப்பின் வகையையும் கவனியுங்கள். ஐடியூன்ஸில் கிடைப்பது வினாடிக்கு 256 கிலோபிட் அளவுள்ள ஏஏசி என்ற கோப்பு வகை. ஐந்து நிமிடப் பாட்டு 10 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. போனில் நன்றாக ஓடும், ஆனால் த்ரீவீலில் பூட்டும் மலிவான யூஎஸ்பி பிளேயர்கள் பல அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதை எம்பி3 ஆக மாற்றினால் ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்குகிறோம். சல்லாரி ஓசையும் ‘ச’கரமும் கரகரக்கும். எம்பி3யாகவும் கிடைக்கிறதென்றால் 320 கிலோபிட்டில் எடுங்கள், 12 மெகாபைட் வரும். ஃபிளாக் என்ற கோப்பு வகை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அதில் ஓசை எதுவும் இழக்கப்படவில்லை, பின்னால் எந்த வகைக்கும் மாற்றலாம். பென் டிரைவ் 32 ஜிபி போதும். 64 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் வரும், பழைய பிளேயர்கள் அதைப் படிக்காது.

நம் பக்கத்துக் குழுவிடமே நேரடியாக வாங்கினால், வட்ஸ்அப்பில் பாட்டை டொக்யுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறாமல் வரும், பிறகு தேட இலகு.

வாங்கியதைப் போனில் மட்டும் விட்டு வைக்காதீர்கள், இன்னொரு பிரதி வேறெங்காவது இருக்கட்டும். கடை அந்தப் பாட்டை விற்பதை நிறுத்தினால் திரும்ப இறக்க முடியாமல் போகலாம். முதலில் ஒரேயொரு பாட்டை வாங்கிப் போனிலும் த்ரீவீலிலும் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஓடினால் மற்றதையும் வாங்கலாம்.

அன்புடன்.