முடிவில்லாமல் ரீஸ்டார்ட் கேட்கும் கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள மேசைக் கணினியை ஒவ்வோர் இரவும் முறையாக ஷட் டவுன் செய்கிறேன். ஆயினும் காலையில் இயக்கியவுடன், அப்டேட்டை முடிக்க ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்து நிற்கிறது. இரவு முழுவதும் அணைந்து கிடந்த கணினிக்கு இன்னொரு ரீஸ்டார்ட் எதற்கு?

பதில்: கணினி அணைந்தது, விண்டோஸ் முழுமையாக மூடப்படவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயக்கத்தில் இருக்கிறது. நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது மென்பொருள்கள் மூடப்பட்டு, உங்கள் பயனர் கணக்கும் வெளியேறிவிடும். ஆனால் இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும், ஏற்றப்பட்டிருந்த டிரைவர்களும் (வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்கள்) அந்நேரத்து நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அங்கிருந்தே நினைவகத்துக்குத் திரும்புகின்றன. அப்டேட் மாற்ற வேண்டிய கோப்புகளோ, விண்டோஸ் புதிதாகத் தொடங்கும்போது மட்டுமே மாற்றக்கூடியவை. ரீஸ்டார்ட் என்ற கட்டளைக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. அது எப்போதும் முழுமையாக மூடி, முழுமையாகத் தொடங்கும்.

இதுதான் காரணமா என்பதை எளிதில் அறியலாம். காலையில் கணினியை இயக்கிய சில நிமிடங்களுக்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதன் கீழ் உள்ள அப் டைம் கணக்கைப் பாருங்கள். இப்போதுதான் இயக்கிய கணினி பல நாள்களாக ஓடிக்கொண்டிருப்பதாக அது காட்டினால் ஐயமே வேண்டாம். ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்தாலே பெரும்பாலும் அறிவிப்பு மறைந்துவிடும். நிலையான தீர்வு வேண்டுமானால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பவர் பொத்தானின் செயலைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்குச் சென்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எதிரே உள்ள குறியை நீக்குங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இந்த வசதியால் மிச்சமாவது சில நொடிகளே என்பதால், அதை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. பழைய ஹார்ட் டிஸ்க் கணினியாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து வந்தால் போதும்.

கேள்வி: நான் ரீஸ்டார்ட்தான் செய்கிறேன். நீலத் திரையில் விழுக்காடு ஏறி, பின்னர் மாற்றங்கள் திரும்பப் பெறப்படுவதாகச் செய்தி வருகிறது. மறுநாள் அதே அறிவிப்பு மீண்டும் வருகிறது.

பதில்: அப்டேட் ஒவ்வொரு முறையும் நிறுவப்பட முயன்று, தோற்று, பழைய நிலைக்குத் திரும்புகிறது. செட்டிங்ஸில் அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தால் ஒரே கேபி எண் (அப்டேட்டை அடையாளம் காட்டும் எண்) பலமுறை தோல்வியுற்றதாகப் பதிவாகியிருக்கும். பக்கத்தில் உள்ள பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரிடம் உதவி கேட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சி டிரைவில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்த்து, யுஎஸ்பியில் செருகியுள்ள வெளி வட்டுகளைக் கழற்றிவிட்டு, மறுபடி முயலுங்கள். அப்போதும் தோற்றால், நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, முதலில் டிஸ்ம் கட்டளையை ரெஸ்டோர்ஹெல்த் தெரிவுடனும், அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையையும் இயக்குங்கள். பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி, கெட்டுப்போன கோப்புக்கு மாற்றுப் பிரதியை விண்டோஸின் சொந்தக் கோப்புக் கிடங்கிலிருந்து எடுக்கிறது. அந்தக் கிடங்கே பழுதாகியிருந்தால் அதனால் பயன் இல்லை. கிடங்கைச் சீராக்குவது டிஸ்ம். அதற்கு இணைய இணைப்பு வேண்டும், பொறுமையும் வேண்டும். விழுக்காடு ஓரிடத்தில் நெடுநேரம் நின்றாலும் சன்னலை மூடிவிடாதீர்கள்.

இதற்கும் மசியாவிட்டால், விண்டோஸ் அப்டேட் சேவையையும், பின்னணியில் பதிவிறக்கம் செய்யும் பிட்ஸ் சேவையையும் நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறைக்கு வேறு பெயர் இட்டு, சேவைகளை மீண்டும் தொடங்குங்கள். பதிவிறக்கம் புதிதாக நடக்கும். அப்டேட் வரலாற்றுப் பட்டியல் வெறுமையாகத் தெரியும். ஏற்கெனவே நிறுவப்பட்டவை எங்கும் போய்விடவில்லை.

கேள்வி: விண்டோஸ் அப்டேட்டில் எதுவும் நிலுவையில் இல்லை. ஆனால் ஆபிஸ் மென்பொருளை நிறுவ முயன்றால், முந்தைய நிறுவலுக்கான ரீஸ்டார்ட் நிலுவையில் உள்ளது என்று கூறி நின்றுவிடுகிறது. பலமுறை ரீஸ்டார்ட் செய்தும் அதே பதில்.

பதில்: ரீஸ்டார்ட் தேவை என்ற குறிப்பு விண்டோஸில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. விண்டோஸ் அப்டேட் தனக்கென, கணினியின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ரீபூட்ரிக்வயர்டு என்ற குறியை வைக்கிறது; இயக்குதளத்தின் உறுப்புகளைப் பராமரிக்கும் பகுதி ரீபூட்பெண்டிங் என்ற வேறொரு குறியை வைக்கிறது; இவ்விரண்டுக்கும் தொடர்பில்லாத பிற மென்பொருள்கள், செஷன் மேனேஜர் என்ற பகுதியில் உள்ள பெண்டிங்ஃபைல்ரீநேம்ஆபரேஷன்ஸ் என்ற பட்டியலில் எழுதுகின்றன. உங்கள் சிக்கல் பெரும்பாலும் மூன்றாவதில்தான் இருக்கும்.

ஒரு நிறுவி மாற்ற விரும்பும் கோப்பு பயன்பாட்டில் இருந்தால், அடுத்த தொடக்கத்தில் இதை அழி அல்லது பெயர் மாற்று என்ற வேண்டுகோளை அப்பட்டியலில் எழுதிவிட்டுச் செல்லும். தொடக்கத்தின் ஆரம்பக் கட்டத்திலேயே, பயனர் நுழைவதற்கு முன்பே, செஷன் மேனேஜர் அதை நிறைவேற்றிப் பட்டியலை நீக்கிவிடும். எனவே ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் பட்டியல் இருக்கிறது என்றால், பழைய வேண்டுகோள் அப்படியே தங்கிவிட்டது என்பதைக் காட்டிலும், ஏதோ ஒரு மென்பொருள் ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக எழுதுகிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். அச்சுப்பொறியுடன் வரும் துணை மென்பொருள்கள், வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், உலாவிகளின் தானியங்கி அப்டேட்டர்கள் ஆகியவற்றின் மீது முதலில் ஐயம் கொள்ளலாம்.

ரெஜிஸ்ட்ரியைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் ரெஜெடிட்டைத் திறந்து அந்தப் பட்டியலைப் படியுங்கள்; படிப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. பதிவுகள் இரண்டிரண்டாக இருக்கும்: முதலில் கோப்பின் இருப்பிடம், அடுத்து அதன் புதிய பெயர். இரண்டாவது வெறுமையாக இருந்தால், கோப்பை அழிக்க வேண்டும் என்று பொருள். இருப்பிடத்தில் உள்ள கோப்புறைப் பெயரே எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மென்பொருளை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, வேறெதையும் திறப்பதற்கு முன் ஆபிஸை நிறுவிப் பாருங்கள். பெயரைக்கொண்டு கண்டறிய இயலாதபோது, விண்டோஸின் தொடக்க அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு, மீதமுள்ளவற்றையும் ஸ்டார்ட்அப் மென்பொருள்களையும் முடக்கித் தொடங்கினால் நிறுவல் தடையின்றி நடக்கும். குற்றவாளியைப் பிறகு நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? ரெஜிஸ்ட்ரியில் அந்தக் குறிகளை நேரடியாக அழித்துவிட்டால் என்ன?

பதில்: மூன்றும் ஒன்றல்ல. பெயர்மாற்றப் பட்டியலில் இருப்பவை தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையின் எஞ்சிய கோப்புகள் மட்டுமே என்று உறுதியாகத் தெரிந்தால், ஒரு பிரதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அழிக்கலாம். ரீபூட்பெண்டிங் குறியின் மீது மட்டும் கை வைக்காதீர்கள். இயக்குதள உறுப்புகளின் மாற்றம் பாதியில் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். அடையாளத்தை நீக்குவதால் பாதி வேலை முழுமையாகிவிடாது. வேலை நேரத்தில் தொல்லை வேண்டாம் என்பதே நோக்கமானால், ஆக்டிவ் அவர்ஸ் அமைப்பில் நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை ஒதுக்கி, அந்நேரத்தில் தானியங்கி ரீஸ்டார்ட் நடக்காமல் தடுக்கலாம்.

கேள்வி: என் தாயாரின் மடிக்கணினியில், வைரஸ் தாக்கியுள்ளது, உடனே ரீஸ்டார்ட் செய்க என்ற செய்தி ஒரு தொலைபேசி எண்ணுடன் திரும்பத் திரும்ப வருகிறது.

பதில்: மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. ஏதோ ஓர் இணையதளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது, அவர் அறியாமல் ஒப்புதல் கொடுத்திருக்கக்கூடும். உலாவியின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து, அறிமுகமில்லாத தளங்களை நீக்குங்கள். அந்த எண்ணை ஏற்கெனவே அழைத்துப் பணம் செலுத்தியிருந்தால், இந்தியாவில் இருப்போர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸ் வகை இயக்குதளமான உபுண்டுவிலும் ரீஸ்டார்ட் அறிவிப்பு அடிக்கடி வருகிறது. லினக்ஸுக்கு ரீஸ்டார்ட்டே தேவையில்லை என்கிறார்களே?

பதில்: அது மிகைப்பட்ட பேச்சு. புதிய கெர்னல் நிறுவப்பட்டால், ரீஸ்டார்ட் செய்யும் வரை பழைய கெர்னல்தான் ஓடும். ஆனால் காரணத்தை அறிய உபுண்டுவில் துப்பறிய வேண்டியதில்லை: ரன் கோப்புறையில் ரீபூட்-ரிக்வயர்டு என்ற கோப்பும், அதைக் கோரிய தொகுப்புகளின் பெயர்கள் அடங்கிய இன்னொரு கோப்பும் இருக்கும். அக்கோப்புறை நினைவகத்திலேயே இருப்பதால், உண்மையான ரீஸ்டார்ட்டுக்குப் பின் அவை எஞ்சுவதில்லை. மூடியைச் சாய்த்துத் தூங்க வைப்பது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபயர்ஃபாக்ஸின் பெயரைக் குறிப்பிட்டு, இத்தனை நாள்கள் மீதமுள்ளன என்று வரும் ஸ்னாப் (உபுண்டுவின் மென்பொருள் தொகுப்பு முறை) அறிவிப்பைச் சிலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்குக் கணினியை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. உலாவியை முழுவதுமாக மூடிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திறந்தால் போதும்.