தூங்காத காவலர் நிதானமாக இருப்பது எப்படி?

கேள்வி: என் கணவர் தலைமைக் காவலர். கோயில் திருவிழா பந்தோபஸ்து முடிந்த கையோடு நைட் ரவுண்ட்ஸ், விடிந்தால் கோர்ட் டூட்டி. நிதானமான மனிதர்தான். ஆனால் இப்போதெல்லாம் வாகனச் சோதனையில் யாராவது எதிர்த்துப் பேசினாலே கை ஓங்கிவிடுகிறாராம், அவரே சொல்லி வருத்தப்படுகிறார். மன அழுத்தம் ஆளை இப்படி மாற்றுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மாற்றும் சகோதரி. அதில் பெரும்பங்கு தூக்கமின்மைக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. அப்படியென்றால், குடித்தவரைப் பிடிக்க ஊதச் சொல்லிக் கருவியை நீட்டுகிற காவலரே பல ராத்திரி அந்த வரம்பைத் தாண்டிய நிலையில்தான் நிற்கிறார், அதுவும் கையில் லத்தியோடு.

ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் ஏறும், பார்வை ஒரே இடத்தில் குவியும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாமலே போகலாம். நிஜமான மோதலில் சில நிமிடம் இது உதவும். ஆனால் மெமோ பயமும் வயர்லெஸ் மைக்கில் மேலதிகாரியிடம் வாங்கிய திட்டும் சேர்ந்து உடம்பு நாள் முழுக்க அதே முறுக்கில் இருந்தால், யோசித்து முடிவெடுக்கிற முன்மூளை தளர்ந்து பழக்கம் முந்திக்கொள்ளும். லைசென்ஸ் எடுக்கப் பாக்கெட்டுக்குள் போகிற கைகூட தாக்க வருகிற மாதிரி தெரியும்.

ஆனாலும் அடி வாங்கியவருக்கு அது அடிதான். அதிலும் ஒருவரை ஸ்டேஷனுக்குள் வைத்து மணிக்கணக்கில் அடித்துவிட்டு மன அழுத்தம் என்று சொன்னால் நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

காவலர்களுக்கு வார ஓய்வு என்று 2021-ல் அரசாணை வந்தது. பந்தோபஸ்து என்ற பெயரில் அந்த ஒரு நாளைப் பறிக்கிற அதிகாரிகளைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும், ஏனென்றால் அனுமதியில்லாமல் காவலர்கள் சங்கம் அமைக்க 1966-ம் ஆண்டுச் சட்டம் விடாது, அவர்களால் சேர்ந்து கேட்க முடியாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஓய்வு கிடைக்கிற நாளில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொண்டு அவரைத் தூங்க விடுங்கள். சோதனையில் வாக்குவாதம் வந்தால் ஓரடி பின்னால் வந்து, மூச்சை நீளமாக விட்டு, கூட இருப்பவரைப் பேச விடச் சொல்லுங்கள். அவரே வருத்தப்படுகிறார் என்பதால் இதைக் கேட்பார் என்றே நம்புகிறேன். வாழ்க்கையே வெறுத்துப்போச்சு என்கிற மாதிரி பேச ஆரம்பித்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், அவர் தயங்கினால் நீங்கள் பேசலாம்.