மினிமம் தொகைதான் உங்களைப் பிடித்திருக்கும் பொறி

கேள்வி: டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம், எச்1பி விசா. மகள் வளர்க்கும் ஃபெரெட்டுக்கு (கீரி மாதிரி ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி) ஐந்து வயது. ஏழு மாதம் முன்பு ஒருநாள் காலையில் வாயில் எச்சில் ஒழுக, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்தது. கணையத்தில் இன்சுலினோமா (இன்சுலினை அதிகமாகச் சுரந்து சர்க்கரையை இறக்கும் கட்டி) என்று ஆபரேஷன் செய்தார்கள், 4,200 டாலர். மருத்துவமனையிலேயே ஒரு கடன் கார்டு கொடுத்தார்கள், 12 மாதத்துக்கு வட்டி கிடையாது என்றார்கள். மாதம் 125 டாலர் மினிமம் தவறாமல் கட்டுகிறேன். மருந்தும் அதே கார்டில்தான் வாங்குகிறேன். இப்போது மறுபடி சர்க்கரை இறங்குகிறது. இரண்டாவது ஆபரேஷனுக்கு 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் கடன் எடுக்கலாமா? நண்பர் பெட் இன்சூரன்ஸ் போடச் சொல்கிறார். மச்சான் திருச்சியில் வாங்கும் மனைத் தவணைக்கு மாதம் 600 அனுப்புவதால் கையில் எதுவும் நிற்பதில்லை.

பதில்: குழந்தை ஆசையாக வளர்க்கும் பிராணி அப்படிக் கிடந்தால் யாரும் கார்டை நீட்டத்தான் செய்வார்கள், அதில் தப்பு சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஏழு மாதமாக 125, 125 என்று கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறீர்களே, அதுதான் பிரச்சினை.

இந்த வகைக் கார்டில் வட்டி இல்லாமல் போகவில்லை, ஓரமாக எழுதி வைத்துக்கொண்டே வருகிறார்கள். 12 மாதத்துக்குள் முழுத் தொகையையும் அடைத்தால் அந்த வட்டி தள்ளுபடி. பத்து டாலர் பாக்கி நின்றாலும் முதல் நாளிலிருந்து மொத்த வட்டியும் தலையில் விழும். இப்படியே போனால் 12 மாதத்தில் 1,500 கட்டியிருப்பீர்கள், 2,700 பாக்கி நிற்கும். சராசரியாக 3,450 டாலர் கடன் ஒரு வருடம் நின்றதாக வைத்துக்கொண்டு, உங்கள் ஸ்டேட்மென்டில் உள்ள 32.99 சதவீதத்தில் போட்டால் வட்டி சுமார் 1,140 (கூட்டு வட்டியில் இன்னும் ஏறும்). ஆக 3,840. அதற்கு அப்புறம் மாத வட்டி மட்டும் 105 டாலர். நீங்கள் கட்டும் 125-இல் இருபது டாலர்தான் அசலுக்குப் போகும்.

சரி, இப்போது என்ன செய்வது. 875 கட்டியாயிற்று, பாக்கி 3,325, இருப்பது ஐந்து மாதம். மாதம் 665 கட்ட வேண்டும், அதாவது இப்போது கட்டுவதற்கு மேல் 540. கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்த 600, அதை ஐந்து மாதம் நிறுத்துங்கள். மீதி அறுபது மருந்துக்கு ஆகும். மனை யார் பெயரில் பதிவாகப்போகிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மச்சானின் தவணைக்காக நீங்கள் 33 சதவீத வட்டியில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் மனைவியே அண்ணனிடம் பேசட்டும். நீங்கள் பேசினால் அது வேறு கதையாகிவிடும்.

மருந்தை அந்தக் கார்டில் வாங்குவதை இன்றே விடுங்கள். சின்னத் தொகைகளுக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது, உடனே வட்டி ஓடும். மினிமத்துக்கு மேல் நீங்கள் கட்டுவதும் முதலில் அதிக வட்டி ஓடும் பாக்கிக்குத்தான் போகும், சலுகை முடிவதற்கு முந்தைய இரண்டு பில்லிங் சுற்றுகளில்தான் பழைய 4,200-க்குத் திரும்பும். அதனால் இதுவரை வாங்கிய மருந்துப் பாக்கி எவ்வளவு என்று பார்த்து முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

401கே கடன் வேண்டாம். எச்1பியில் வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை தேடும் நெருக்கடி, அதோடு இந்தக் கடனையும் வரிக்கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அடைக்க வேண்டியிருக்கும். தவறினால் வரி, 59½ வயது ஆகாதவருக்குப் பொதுவாக அதன்மேல் பத்து சதவீத அபராதம். இன்சூரன்ஸ் விளம்பரங்களில் நாய்க்குட்டி சிரிக்கும். ஏற்கெனவே வந்த நோய்க்குப் பணம் தராது என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். நோய் தெரிந்த பிறகு ஃபெரெட்டுக்குப் பாலிசி எடுத்தால், அந்த நோய்க்குக் காசு வராது. நண்பரிடம் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: செய்தால் எத்தனை மாதம் கூடும், செய்யாமல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக இறைச்சி உணவுமாக ஓட்டினால் எத்தனை மாதம்? இந்தக் கட்டி வெட்டி எடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும், ஃபெரெட்டின் ஆயுளே சாதாரணமாக ஐந்திலிருந்து எட்டு வருடம். இரண்டு வழிக்கும் செலவை எழுத்தில் வாங்குங்கள். மருந்து வழியை எடுத்தால் அது மாதாந்திரச் செலவு, வீட்டு பட்ஜெட்டில் அடங்கும். ஆபரேஷன்தான் என்று முடிவெடுத்தால் பழைய பாக்கி தீரும்வரை புதுக் கார்டு எதுவும் வேண்டாம், மருத்துவமனையிலேயே நேரடித் தவணை கேளுங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஸ்டேட்மென்டில் சலுகை முடியும் தேதி தனியாக அச்சிட்டிருக்கும், அது மாதக் கெடு தேதிக்கு முன்னாலேயே வரலாம். கடைசித் தவணையை அதற்கு ஒரு வாரம் முன்பே கட்டி, பாக்கி பூஜ்ஜியம் என்று திரையில் பார்த்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.