‘கண்ணில் தூசி’ என்று சொல்லிவிட்டேன்

கேள்வி: எனக்கு 42 வயது. மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து. லீவு நாளில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ‘இன்சைட் அவுட்’ படம் பார்த்தோம். யானைத் தும்பிக்கையோடு வரும் அந்தக் கற்பனைத் தோழன் பள்ளத்துக்குள்ளேயே கரைந்துபோகிற காட்சியில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மகள் திரும்பி, "ஏம்ப்பா அழுறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, கண்ணுல தூசி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். போன வருடம் என் அப்பா இறந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. "பொம்மைப் படத்துக்கா மச்சான் அழுறீங்க?" என்று மைத்துனர் இன்னும் கேலி செய்கிறார். இது பலவீனமா? இந்த மாதிரிப் படங்களைப் பிள்ளைகளோடு பார்க்காமல் இருப்பதே நல்லதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தாராளமாகப் பிள்ளைகளோடு பாருங்கள். பலவீனமும் இல்லை, ஒன்றும் இல்லை. மைத்துனரை விடுங்கள், நாலு நாளில் அவரே மறந்துவிடுவார். நான் பேச விரும்புவது அந்தத் தூசியைப் பற்றி.

2015-இல் வந்த அந்தப் படத்தின் இயக்குநர் பீட் டாக்டர் தன் மகளைப் பார்த்துத்தான் கதையைத் தொடங்கினார். துறுதுறுவென்று இருந்த பெண், பதினொரு வயதுவாக்கில் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கத் தொடங்கியிருக்கிறாள். இவள் தலைக்குள் என்னதான் ஓடுகிறது என்ற கவலைதான் படமானது. ஒரு அப்பாவின் கவலையில் பிறந்த படம் இன்னொரு அப்பாவை அழவைத்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ரைலி என்ற பதினொரு வயதுச் சிறுமியின் தலைக்குள் இருக்கும் மகிழ்ச்சி, சோகம், பயம் போன்ற உணர்ச்சிகள்தான் படத்தின் பாத்திரங்கள். முதலில் எழுதிய கதையில் மகிழ்ச்சியோடு சேர்ந்து அந்தத் தலைக்குள் வழிதவறுவது பயம். வேலை வெகுதூரம் போன பிறகுதான், அந்த இடத்தில் இருக்க வேண்டியது சோகம் என்று இயக்குநருக்குப் பட்டது. மனிதர்களை ஒருவரோடொருவர் நெருங்க வைப்பதில் சோகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. டாக்கர் கெல்ட்னர், பால் எக்மன் என்ற இரண்டு உளவியலாளர்களிடமும் படக்குழு ஆலோசனை கேட்டிருக்கிறது. எனக்குப் படத்தில் குறைகளும் தெரிகின்றன. நடுவில் கொஞ்சம் சுற்றிச் சுற்றி வருகிறது. சாப்பாட்டு மேசையில் அம்மா பேச, அப்பாவின் மூளை ஹாக்கி பார்த்துக்கொண்டிருக்கும் நகைச்சுவையும் பழையது. ஆனால் சோகத்தை அவர்கள் கையாண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நீங்கள் அழுத காட்சிக்கு முன்னால் இன்னொன்று வருகிறது, ஞாபகம் இருக்கிறதா? பிங் பாங் என்ற அந்தக் கற்பனைத் தோழனின் ராக்கெட் வண்டியை, பழைய நினைவுகள் அழிந்துபோகும் மறதிப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள். அவன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். மகிழ்ச்சி அவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறாள், முகத்தைக் கோணி வேடிக்கை காட்டுகிறாள், போகலாம் வா என்று அவசரப்படுத்துகிறாள். ஒன்றும் நடக்கவில்லை. சோகம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள், இல்லையா என்று கேட்கிறாள். அவன் பழைய கதையெல்லாம் சொல்லி, மிட்டாய் மிட்டாயாகக் கண்ணீர் விட்டு, கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து வழி காட்டுகிறான். உங்கள் ஐந்து வயது மகன் அந்த மிட்டாயைப் பார்த்துச் சிரித்திருப்பான். அவன் பார்த்தது ஒரு படம், நீங்கள் பார்த்தது வேறு படம்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டிய காட்சி, அதற்கும் முன்னால், சத்தமில்லாமல் வந்துபோகிறது. மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்த முதல் நாள். சாமான் வண்டி வந்து சேரவில்லை. வெறும் அறையில் ரைலி படுத்திருக்கிறாள். அம்மா வந்து அன்பாகத்தான் பேசுகிறாள்: அப்பாவுக்கு நிறைய நெருக்கடி, நீயும் நானும் சிரித்த முகமாக இருந்தால் அவருக்கு உதவியாக இருக்கும். அவ்வளவுதான். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. பிறகு நடக்கும் அத்தனை சேதத்துக்கும் விதை அந்தப் பேச்சில் இருக்கிறது. கடைசியில் வீட்டுக்குத் திரும்பி வரும் ரைலி, நான் சந்தோஷமாக இருக்கணும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் எனக்குப் பழைய வீடு வேண்டும் என்று உடைகிறாள். எங்களுக்கும் அந்த ஏக்கம் இருக்கிறது என்று பெற்றோர் சொன்ன பிறகுதான் அவளால் முழுசாக அழ முடிகிறது.

உங்கள் தூசி அந்த அம்மா கேட்ட சிரிப்பைப் போன்றதுதான். அன்பால் சொன்னீர்கள், பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று. ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தூசிக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாதா? இந்த வீட்டில் அழுகை வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தால், நாளைக்குப் பள்ளியில் ஒரு பிரச்சினை என்றாலும் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்வாள்.

அப்புறம், அப்பாவின் சாவை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். பிங் பாங் மூன்று வயது ரைலியின் தோழன், பதினொரு வயதில் அவளுக்கு அவன் நினைவே இல்லை. மூன்று வயதுக்கு முன் நடந்தது வளர்ந்த பிறகு பெரும்பாலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. நம்மைத் தூக்கிச் சுமந்த ஆளுடைய உழைப்பில் பாதி நமக்குத் தெரியவே தெரியாது. தான் மறக்கப்பட்டாலும் மகிழ்ச்சி பள்ளத்திலிருந்து மேலே போய்ச் சேரட்டும் என்று பிங் பாங் வண்டியிலிருந்து குதிக்கும்போது, அதில் ஒரு மகன் தன் அப்பாவைப் பார்க்கலாம். ஒரு அப்பா தன்னையே பார்க்கலாம். நீங்கள் இரண்டுமாக உட்கார்ந்திருந்தீர்கள். அன்று வராத அழுகை இன்று வந்ததில் எனக்கு நிம்மதிதான்.

சரி, என்ன செய்வது? இந்த வாரமே, மகளும் நீங்களும் மட்டும் இருக்கும் ஒரு நேரத்தில் சொல்லிவிடுங்கள். "அன்னைக்குத் தூசி இல்லம்மா. அப்பாவுக்குத் தாத்தா ஞாபகம் வந்துடுச்சு, அதான் அழுதேன். இப்போ பரவாயில்லை." உண்மைக் காரணம் வேறு என்றால் அதைச் சொல்லுங்கள். கடைசி வாக்கியம் மட்டும் விட்டுப்போகக் கூடாது. அப்பாவைத் தேற்றும் பொறுப்பைப் பிள்ளை தலையில் ஏற்றிவிடக் கூடாது, ரைலிக்கு நடந்தது அதுதான். அவளுக்கு எந்த இடத்தில் கஷ்டமாக இருந்தது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். உடனே சமாதானம் சொல்ல வேண்டாம்.

படத்துக்கு வெளியிலும் அடிக்கடி அழுகை வருகிறது, தூக்கமோ சாப்பாடோ கெட்டு இரண்டு வாரமாகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரைலிக்குப் பதின்மூன்று வயது. பதற்றமும் பொறாமையும் புதிதாக வந்து சேர்கின்றன. மகள் தயாரென்று தோன்றும்போது அதையும் அவளோடு பாருங்கள். மகனை இப்போது எதுவும் கேட்க வேண்டாம். அவனுக்கு அது மிட்டாயாக அழும் யானை, அவன் சிரித்துக்கொண்டே பார்க்கட்டும்.