எரிசக்திச் சந்தை ஆய்வாளராவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பினாங்கின் பிறை நகரில் ஓர் எரிவாயு மின்நிலையத்தில் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் நிலையத்துக்கு வரும் எரிவாயுவின் விலை ஏன் மாறுகிறது என்று கேட்டால் அலுவலகத்தில் எவரிடமும் நேரான பதில் இல்லை. அதைத் தேடிப் படிக்கத் தொடங்கியவள், இப்போது வேலையையே மாற்றிக்கொள்ளும் எண்ணத்துக்கு வந்திருக்கிறேன். கோலாலம்பூரில் எரிசக்திச் சந்தை ஆய்வாளராகச் சேர்ந்து, பிற்காலத்தில் சொந்தமாக ஓர் ஆலோசனை நிறுவனம் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நான் பொருளியல் படித்தவள் அல்ல. தோட்டத்தில் வேலை செய்து என்னைப் படிக்கவைத்த அம்மா, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஜோசியம் சொல்லப் போகிறாயா என்று கேட்கிறார். எண்ணெய் விலை பற்றிய கணிப்புகள் பொய்த்துப்போவதைப் பார்க்கும்போது அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. இத்துறையில் நெடுங்காலம் இருந்து நிறுவனமும் நடத்தியவர் என்ற முறையில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.
பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இத்துறைக்கு வருபவர்கள் முதலிலேயே தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அடுத்த ஆண்டு இறுதியில் ஒரு பீப்பாய் எண்ணெய் என்ன விலைக்கு விற்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முடியும் என்று கூறிக் கட்டணம் வாங்குபவரை நம்பாதீர்கள். 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்காவின் டபிள்யூடிஐ கச்சா எண்ணெயை மே மாதத்தில் பெற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த எண்ணை முன்கூட்டியே தந்திருக்கக்கூடிய சூத்திரம் எதுவும் கிடையாது. ஆனால், அந்த எண்ணெய் ஒப்படைக்கப்படும் இடமான ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங்கில் உள்ள சேமிப்புத் தொட்டிகள் வாரந்தோறும் எவ்வளவு நிரம்பி வருகின்றன, மிச்சமிருக்கும் இடம் ஏற்கெனவே யாருக்கு வாடகைக்குப் போய்விட்டது, மறுநாள் காலாவதியாகும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர் எண்ணெயை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்றெல்லாம் கணக்குப் பார்த்தவர்களுக்கு, ஆபத்து நெருங்குவது தெரிந்துதான் இருந்தது. ஆய்வாளரின் வேலை அந்தக் கணக்குதான்.

இத்தொழிலின் முன்னோடிகளில் நான் மிகவும் மதிப்பவர் வால்டர் லெவி. 1911இல் ஹாம்பர்க்கில் பிறந்த யூதர். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்து, எண்ணெய்த் தொழில் பற்றிய ஓர் இதழில் பணிபுரிந்து, பிறகு அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் எண்ணெய் ஆலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை அமெரிக்க உளவுத்துறை அறிய வேண்டியிருந்தது. லெவி அதற்கு ஜெர்மன் ரயில்வேயின் சரக்குக் கட்டணப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். எங்கிருந்து எண்ணெய் ஏற்றப்படுகிறதோ அங்கிருந்து அதற்கொரு கட்டணம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? எவரும் பொருட்படுத்தாத அந்தப் பட்டியல்கள் ஆலைகளின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தன. போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்டெடுக்க அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டத்தின் எண்ணெய்ப் பிரிவை நடத்திய அவர், 1949இல் நியூயார்க்கில் சொந்த ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். 1951இல் ஈரானின் எண்ணெய் நெருக்கடியில் சமரசம் பேசச் சென்ற அமெரிக்க அதிபரின் தூதர் ஹாரிமன், லெவியைத்தான் உடன் அழைத்துச் சென்றார்.

பொருளியல் படிக்கவில்லையே என்ற தயக்கத்தை விடுங்கள். கேம்பிரிட்ஜ் எனர்ஜி ரிசர்ச் அசோசியேட்ஸ் என்ற எரிசக்தி ஆலோசனை நிறுவனத்தை 1980களின் தொடக்கத்தில் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய டேனியல் யெர்கின் வரலாற்றாய்வாளர். மின்நிலையத்தில் வேலை பார்த்தவருக்கு, ஒரு டர்பைன் பராமரிப்புக்காக நின்றால் எவ்வளவு எரிவாயு தேவைப்படாமல் போகும் என்பது ஏட்டைப் பார்க்காமலே தெரியும். பொருளியல் பட்டதாரிகளுக்கு அதைக் கற்றுக்கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

நீங்கள் உண்மையில் கற்க வேண்டியது ஒப்பந்தங்களைப் படிக்கும் முறை. கப்பலில் அனுப்புவதற்காகக் குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவின் (எல்என்ஜி) நீண்டகால ஒப்பந்தங்கள் பலவற்றில் விலை என்று ஓர் எண் இருக்காது. கச்சா எண்ணெய் விலையின் இத்தனை விழுக்காடு என்று ஒரு விகிதம் இருக்கும். எண்ணெய் 80 டாலராக இருக்கும்போது, 12 விழுக்காடு என்றால் ஒரு மில்லியன் பிடியுவுக்கு (பிடியு என்பது வெப்ப அளவின் அலகு) 9.60 டாலர், 13 விழுக்காடு என்றால் 10.40 டாலர். ஒரு பெரிய கப்பலில் அத்தகைய அலகுகள் ஏறத்தாழ 3.5 மில்லியன் இருக்கும் என்பதால், அந்த ஒரு விழுக்காட்டின் மதிப்பு கப்பல் ஒன்றுக்கு 2.8 மில்லியன் டாலர். ஒப்பந்தம் இருபது ஆண்டுகளுக்கு நீடிக்கும். ஆண்டுக்குப் பல கப்பல்கள் வரும். எண்ணெய் விலை எங்கே போகும் என்று கேட்டு வரும் வாடிக்கையாளரிடம், தம் ஒப்பந்தத்தின் விலை மறுபரிசீலனை விதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்று பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவரே நல்ல ஆலோசகர்.

சொந்த நிறுவனம் என்பது வேறு காரியம். அறிவு போதாமல் மூடப்படும் ஆலோசனை நிறுவனங்களைவிடக் கைப்பணம் வற்றி மூடப்படுபவையே அதிகம் என்பது என் அனுபவம். பெரிய நிறுவனங்கள் இன்வாய்ஸ் கொடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தரும். ஊழியர்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியில் போயாக வேண்டும். ஆகவே ஒரே அறிக்கையைப் பலருக்குச் சந்தா முறையில் விற்கும் வழியைத் தொடக்கத்திலேயே யோசித்துவிடுங்கள். எடின்பரோவில் பங்குத் தரகு நிறுவனமாக இருந்த வுட் மெக்கன்சி, 1970களில் வட கடல் எண்ணெய் வயல்களைப் பற்றிய அறிக்கைகளின் வழியாகத்தான் உலகறிந்த எரிசக்தி ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. ஒரே வாடிக்கையாளர் உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரும் நிலை வந்தால், உடனே வேறு வாடிக்கையாளர்களைத் தேடுங்கள். எங்கள் தொடக்க காலத்தில் அப்படிப்பட்ட ஒருவர், தாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட முதலீட்டுக்குப் பொருந்தும்படி தேவை வளர்ச்சியை உயர்த்தி எழுதச் சொன்னார். மறுத்தோம், அந்த வேலை மறுபடி வரவில்லை. மறுக்க முடிந்ததற்கு ஒரே காரணம், அந்த மாதச் சம்பளத்துக்கு வேறு இடத்திலிருந்து பணம் வந்துகொண்டிருந்ததுதான்.

எனவே இப்போதைக்கு வேலையை விட வேண்டாம்; உங்கள் அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள். ஜப்பானிய அரசு தன் சுங்க இறக்குமதிப் புள்ளிவிவரங்களை மாதந்தோறும், நாடுவாரியாக, இலவசமாக வெளியிடுகிறது. நம் சரவாக்கின் பிந்துலுவிலிருந்து 1983 முதல் திரவ எரிவாயு அங்கே போய்க்கொண்டிருக்கிறது. மலேசியா, ஆஸ்திரேலியா, கத்தார் ஆகிய மூன்றிலிருந்தும் சென்ற ஓராண்டில் போன டன்களையும் அவற்றின் மொத்த மதிப்பையும் எடுத்து, யென்னை டாலராக்கி, ஒரு டன்னுக்குச் சுமார் 52 மில்லியன் பிடியு என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். மூன்று நாடுகளின் விலைகளும் ஒன்றாக இராது. ஏன் இல்லை என்பதற்கு உங்களால் கண்டுபிடிக்க முடிந்த காரணங்களை இரண்டு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்து, வரிக்கு வரி குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து