ஒரு சம்பளமும் நான்கு மாதக் குழந்தையும்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டேன். குழந்தைக்கு இப்போது நான்கு மாதம். கணவரின் சம்பளம் மட்டும்தான் வருகிறது. மாதத்தின் கடைசி வாரம் கிரெடிட் கார்டில்தான் ஓடுகிறது. வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்க வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது. பதிவுக் கட்டணம் கட்டினால் தட்டச்சு வேலை தருவதாக ஒரு செய்தி வந்திருக்கிறது; சேரலாமா? என் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா? ஒவ்வொரு செலவுக்கும் கணவரிடம் கேட்பது கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்தச் செய்தியைப் பற்றி. கட்டணம் கட்டாதீர்கள்; பதிலும் அனுப்ப வேண்டாம். வேலை கொடுப்பவர்தான் வேலை செய்பவருக்குப் பணம் தர வேண்டும். வேலை தருவதற்கு முன்பே உங்களிடம் பணம் கேட்டால், அதைப் பதிவுக் கட்டணம் என்றாலும் பயிற்சிக் கட்டணம் என்றாலும் திருப்பித் தரும் வைப்புத்தொகை என்றாலும், விலகிவிடுங்கள். தட்டச்சு வேலை மோசடியில் இன்னொரு கட்டமும் உண்டு. சில நாட்கள் வேலை வாங்கிக்கொண்டு, பிழைகள் அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வழக்குப் போடுவோம் என்று மிரட்டிப் பணம் பறிப்பார்கள். வேறு சிலர் காணொளிகளுக்கு விருப்பக்குறி இடச் சொல்லி, முதலில் ஒரு சிறு தொகையை உண்மையிலேயே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் பெரிய தொகையைப் போடச் சொல்வார்கள். இவற்றிலெல்லாம் ஆபத்தானது, உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டால் தரகு தருகிறோம் என்பது. அப்படி வருவது பெரும்பாலும் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். விசாரணை வரும்போது, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். நீங்கள் வருமானத்திலிருந்து தொடங்க நினைக்கிறீர்கள். நான் செலவிலிருந்து தொடங்கச் சொல்வேன். சம்பாதிக்கும் பத்தில் வரியும் செலவும் போக மீதிதான் கைக்கு வரும். மிச்சப்படுத்தும் பத்து முழுதாகப் பத்துதான். அதோடு, இந்த மாதங்களில் உங்களிடம் பணத்தைவிடக் குறைவாக இருப்பது தூக்கம். அதைச் செலவிடாமல் கிடைக்கும் பணம் எதுவோ அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டதால் உண்மையில் எவ்வளவு இழந்திருக்கிறீர்கள் என்று ஒரு முறை உட்கார்ந்து கணக்கிடுங்கள். உங்கள் பழைய சம்பளம் 60 என்று வைத்துக்கொள்வோம். வரியும் பிடித்தமும் 6, போக்குவரத்து 5, வெளிச் சாப்பாடும் அலுவலக உடைகளும் 4, குழந்தையைக் காப்பகத்தில் விட்டிருந்தால் 20. கையில் நிற்பது 25. அதாவது இன்றைய வரவு செலவில் விழுந்திருக்கும் பள்ளம் 60 இல்லை, 25தான். ஆனால் இந்தக் கணக்கை இங்கேயே நிறுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நிறுவனம் உங்கள் ஓய்வுக்காலத்துக்குப் போட்டுவந்த பங்கு, ஆண்டுதோறும் வந்திருக்கக்கூடிய ஊதிய உயர்வு, அனுபவத்தின் மதிப்பு எல்லாம் இந்த 25-க்கு வெளியே இருக்கின்றன. மாதக் கணக்கில் இழப்பு சிறியது, ஆண்டுக் கணக்கில் பெரியது. இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். முதலாவதைச் செலவைக் குறைத்து ஈடுகட்டலாம். இரண்டாவதற்கு வேறு வழி வேண்டும்.

கடைசி மூன்று மாத வங்கி அறிக்கையையும் கார்டு அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் இது உங்களுக்குப் பழகிய வேலை. தானாகப் பிடித்துக்கொள்ளும் சந்தாக்கள், தவணைகள், தொலைபேசித் திட்டங்கள், காப்பீட்டுப் பிரீமியங்கள், வாடகை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு சந்தாவை நிறுத்துவது ஒரு முறை எடுக்கும் முடிவு; அதன் பலன் மாதம்தோறும் வரும். கடையில் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்து யோசிப்பதோ தினமும் எடுக்க வேண்டிய முடிவு. இரவில் நான்கு முறை எழுந்தவரிடம் அதற்கான தெம்பு இருக்காது. பெரிய, நிலையான செலவுகளில் கை வையுங்கள். சின்னச் செலவுகளில் சற்றுத் தளர்வாக இருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் கடைசி வாரத் தட்டுப்பாட்டுக்கு இவைகூடக் காரணமாக இருக்கலாம்.

குழந்தைக்கான செலவில் வியாபாரிகள் சொல்வதைவிடக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்த்து முடிவெடுங்கள். பிறந்தபோது இருந்த எடை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரு மடங்காகிறது, ஓராண்டில் மூன்று மடங்காகிறது. முதல் ஆண்டில் எந்த உடையும் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே ஒவ்வொரு அளவிலும் குறைவாக வாங்குங்கள். உறவினர்களும் நண்பர்களும் தரும் பழைய உடைகளைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சிறியதாகிப் போனவற்றை மடித்து வைத்திருக்காமல் விற்றுவிடுங்கள். டயபர் தொடக்க வாரங்களில் நாளொன்றுக்குப் பத்துக்கூட ஆகும், பிறகு குறையும். பகலில் துணி, இரவில் டயபர் என்று மாற்றிக்கொண்டாலே செலவு கணிசமாக இறங்கும். குழந்தை வேகமாக வளர்வதால் ஒரே அளவில் மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம்.

சிக்கனம் நுழையக் கூடாத இடங்களும் உண்டு. பால்மாவு கொடுக்கிறீர்கள் என்றால், டப்பா கூடுதல் நாள் வரட்டும் என்று ஒருபோதும் அதிகத் தண்ணீர் சேர்க்காதீர்கள். சத்துக் குறைவதோடு, குழந்தையின் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புவரை போகலாம். கார் இருக்கையைப் பழையதாக வாங்குவதென்றால், அது விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் வாங்குங்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

காப்பீட்டையும் இதே பட்டியலில் வைக்கிறேன். அலுவலகம் வழியாக உங்களுக்கு இருந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்திருக்கலாம். கணவரின் பாலிசியில் நீங்களும் குழந்தையும் சேர்க்கப்பட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். புதிதாகப் பிறந்த குழந்தையைச் சேர்க்கப் பல பாலிசிகளில் காலக்கெடு உண்டு. ஒரே சம்பளத்தில் நடக்கும் வீட்டில், சம்பாதிப்பவருக்கு எளிய டெர்ம் ஆயுள் காப்பீடு, அதாவது குறித்த காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, கட்டாயம் வேண்டும். உங்களுக்கும் வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் இன்று செய்யும் வேலைகளுக்கு நாளை ஆள் வைக்க வேண்டி வந்தால், அதற்குப் பணம் வேண்டும் அல்லவா?

இப்போது கடன். கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்றால், கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்த நிலுவையை அடைப்பதைவிட உறுதியான லாபம் தரும் முதலீடு எங்கும் கிடையாது. அப்படியானால் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்து அடைப்பதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்பீர்கள். வட்டியை மட்டும் ஒப்பிட்டால் அது சரியாகத்தான் தெரியும். ஆனால் மாதப் பள்ளத்தை அடைக்காமல் கடனை அடைத்தால், சில மாதங்களில் கார்டு மீண்டும் நிரம்பிவிடும்; சேமிப்பும் போய்விட்டிருக்கும். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் பணம் ஒன்பது ஆண்டுகளில் இரு மடங்காகும். இன்று நீங்கள் எடுக்கும் 100, இருபத்தேழு ஆண்டுகள் தொடாமல் இருந்தால் 800 ஆகியிருக்கும். முன்கூட்டியே எடுப்பதற்கு வரியோ அபராதமோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே முதலில் கார்டில் புதிதாக எதையும் வாங்குவதை நிறுத்துங்கள். நிலுவையைக் குறைந்த வட்டியுள்ள தனிநபர் கடனாக மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். கடன் அடைந்தபின் அதே தொகையை அவசர நிதிக்குத் திருப்புங்கள். இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு மூன்று மாதத் தேவைச் செலவு கையிருப்பாக இருந்தால் சமாளிக்கலாம். உங்களுக்கு ஆறு மாதத்துக்கானது வேண்டும். இவ்வளவும் செய்தபிறகும் கடன் கழுத்தை நெரித்தால் மட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி யோசியுங்கள்.

கணவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய வரி அதுதான். 64 நாடுகளின் தரவைக் கொண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது: ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது. இருநூறு கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் சம்பளமில்லாமல் உழைப்பதற்கு அது சமம். அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்களின் உழைப்பு. நீங்கள் சும்மா இருக்கவில்லை. அந்தச் சம்பளம் வீட்டுக்குள் வருவதற்கு உங்கள் உழைப்பும் காரணம். ஆகவே அது இருவருடைய வருமானம். சம்பளம் வந்த அன்றே தேவைச் செலவுக்கான தொகை இருவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்குக்குப் போகட்டும். இருவருடைய சொந்தச் செலவுக்கும் ஒரே அளவு தொகை, யாரும் யாரையும் கேட்காதபடி, அவரவர் கணக்குக்குத் தானாக மாறட்டும். சிறிய தொகையாக இருந்தாலும் உங்கள் பெயரில் ஓய்வுக்காலச் சேமிப்பு தொடரட்டும். முன்பு சொன்ன ஆண்டுக் கணக்கு இழப்பை ஈடுகட்டுவதற்கு இதுவே முதல் படி. இதைக் கணவரிடம் பேசும்போது குறையாகப் பேச வேண்டாம். அந்த 25-க்கான கணக்கை இருவரும் சேர்ந்து பார்க்கும் வேளையிலேயே பேசுங்கள்.

இனி வருமானம். இந்த வயதில் குழந்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் தூங்கும் என்பது உண்மை. ஆனால் அது துண்டு துண்டான தூக்கம். எந்தத் துண்டு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை நம்பி யாருக்கும் நேரம் குறித்துக் கொடுக்காதீர்கள். தொலைபேசிவழி வாடிக்கையாளர் சேவை, நேரலை வகுப்பு போன்றவை இப்போதைக்கு வேண்டாம். இந்த மணிக்குள் என்று கேட்கும் வேலையைவிட இந்தத் தேதிக்குள் என்று கேட்கும் வேலையே உங்களுக்குப் பொருந்தும்.

அப்படிப்பட்ட வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது. சிறு வியாபாரிகள் பலருக்குக் கணக்கு எழுத முழுநேர ஆள் வைக்க வசதி இருக்காது. பில்களைப் பதிவது, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, வர வேண்டிய பாக்கிகளைப் பட்டியலிட்டு நினைவூட்டுவது, வரிக் கணக்காளருக்குத் தேவையானதைத் தயார் செய்து கொடுப்பது ஆகியவை மாதச் சுழற்சியில் வரும் வேலைகள். இரவு பத்து மணிக்குச் செய்தாலும் காலை ஆறு மணிக்குச் செய்தாலும் வாடிக்கையாளருக்கு ஒன்றுதான். புதிதாக எதையோ கற்றுக்கொண்டு அடிமட்டக் கூலிக்குச் செய்வதைவிட, எட்டு ஆண்டு அனுபவத்தை விற்பதே மேல். முதல் வாடிக்கையாளரைத் தெரிந்தவர்களிடம் தேடுங்கள்: முன்பு உடன் வேலை செய்தவர்கள், பழைய நிறுவனத்தோடு வியாபாரம் செய்தவர்கள். அதற்குமுன், உங்கள் பழைய பணி ஒப்பந்தத்தில் இதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலியை மணிக்கணக்கில் சொல்லாமல் மாதத் தொகையாகச் சொல்லுங்கள். கணக்கிடும் முறை இதுதான்: உங்கள் பழைய சம்பளத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள், அதோடு குறைந்தது கால் பங்கு, முடிந்தால் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லை. கணினியும் இணையமும் உங்கள் செலவு. வாடிக்கையாளரோடு பேசும் நேரத்துக்குத் தனியே யாரும் தரப்போவதில்லை. என்ன செய்வீர்கள், எந்தத் தேதிக்குள், எவ்வளவு தொகைக்கு என்பதை மின்னஞ்சலிலாவது எழுதி ஒப்புதல் வாங்குங்கள். முதல் மாதம் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். வரும் தொகையில் வரிக்கு ஒரு பங்கை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

நேரம் எங்கிருந்து வரும் என்றால், கணவரிடமிருந்துதான். விடுமுறை நாளில் தொடர்ச்சியாக மூன்று நான்கு மணி நேரமும், வார நாட்களில் இரண்டு மாலைகளும் குழந்தையின் முழுப் பொறுப்பு அவருடையது என்று முடிவு செய்யுங்கள். இப்படி வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் கிடைத்தால், ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ள அது போதும்.

மற்ற யோசனைகளும் உங்கள் காதில் விழுந்திருக்கும். உணவு தயாரித்து விற்பதற்கு உரிமமும் நின்று செய்யும் உழைப்பும் வேண்டும். பிரசவம் முடிந்து நான்கு மாதத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சரக்கை முதலில் நீங்கள் வாங்கி, உங்களுக்குக் கீழே ஆள் சேர்த்தால் பணம் என்ற திட்டங்களுக்கு அருகிலேயே போகாதீர்கள். காணொளிச் சேனலில் வருமானம் தாமதமாகவும் ஒழுங்கில்லாமலும் வரும். பிள்ளையின் முகத்தை வருமானத்துக்குக் காட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

இந்தச் சிறு வேலையின் மதிப்பு அது தரும் தொகையில் மட்டும் இல்லை. ஆண், பெண் ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தையின் பிறப்போடு தொடங்குகிறது என்பதை ஆய்வுகளால் காட்டியவர் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டின். 2023-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முழு இடைவெளி விட்டுத் திரும்புபவரைவிட, மாதம் சில மணி நேரமாவது தொழிலைத் தொட்டுக்கொண்டிருந்தவருக்கு மீண்டும் சேர்வது எளிது. புதிய கணக்கு மென்பொருளும் மாறிய வரி விதிகளும் கைக்குப் பழகியிருக்கும். உங்களைப் பற்றிச் சொல்ல இரண்டு வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்.

ஆனால் அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குறைந்தது ஓராண்டுக்காவது. எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தை தவழ ஆரம்பிக்கும். பகல் தூக்கமும் குறையும். இன்று பாயில் கிடத்திவிட்டு அரை மணி நேரம் பில்களைப் பார்க்க முடிகிறது என்றால், அப்போது அதுவும் முடியாது. மூன்றாவது வாடிக்கையாளர் தேடி வந்தால் மறுக்க வேண்டாம். எந்த மாதத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியும் என்று சொல்லி, பெயரையும் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.